வயலின் முதல் வேலி: அரச காடுகளையும் வனசீவராசிகளையும் காத்தல் கமக்காரருக்கு ஏன் வேண்டும்



காலபோக நெல் கதிர் முற்றி வரும் வேளையில், ஓரிரவில் யானைகள் புகுந்து இரண்டு ஏக்கர் வயலை மிதித்துவிட்டுப் போகின்றன. மறுநாட் காலை அவ்வயலின் வரம்பில் நிற்பவரிடம், காட்டையும் அதில் வாழும் விலங்கையும் காக்கவேண்டும் என்று கூறுவது எளிதன்று. விவசாயப் போதனாசிரியராகக் கடமையாற்றும் நான் அத்தகைய வரம்புகளில் பலமுறை நின்றிருக்கிறேன். "காட்டை வெட்டி வெளியாக்கினால் யானையும் ஒழியும், நாமும் நிம்மதியாக விதைக்கலாம்" என்று சொல்லும் கமக்காரரின் துயரம் எனக்குப் புதிதன்று.

ஆயினும் அக்கூற்றுப் பிழையானது. காடு குறையக் குறைய வயலுக்கு வரும் யானை குறையவில்லை. குளத்தில் தங்கும் நீரே குறைந்தது. அரச காணியாக ஒதுக்கப்பட்ட காடு, கமக்காரரிடமிருந்து பறித்து விலங்குக்குக் கொடுக்கப்பட்ட நிலமன்று. அது வயலுக்கு நீரும், மண்ணுக்குக் காவலும், பயிருக்குத் துணையும் தரும் பொதுச் சொத்தாகும். அதனை எவ்வாறு காப்பது, அதனோடு நமது பயிரையும் எவ்வாறு காப்பது என்பதையே இப்பிரசுரம் விளக்குகின்றது.

அரச ஒதுக்குகளும் அவற்றுக்குரிய சட்டங்களும்

1956 ஆம் ஆண்டில் இலங்கையின் நிலப்பரப்பில் நூற்றுக்கு 44 பங்கு காடாக இருந்தது. 2010 ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட கணிப்பின்படி அது நூற்றுக்கு 30 பங்களவாகக் குறைந்துவிட்டது. எஞ்சியுள்ள காட்டில் பெரும்பகுதி அரச காணியாகும். அதனைக் காப்பதற்கு முக்கியமாக இரண்டு சட்டங்கள் உள.

முதலாவது, 1907 ஆம் ஆண்டின் வனக் கட்டளைச்சட்டம். இதன்கீழ் ஒதுக்குக் காடுகள் பிரகடனஞ் செய்யப்படுகின்றன. அவற்றை வனபரிபாலனத் திணைக்களம் நிருவகிக்கின்றது. ஒதுக்குக் காட்டில் அனுமதியின்றி மரம் வெட்டுதலும், தீ மூட்டுதலும், நிலத்தைத் துப்புரவு செய்து பயிரிடுதலும் குற்றமாகும்.

இரண்டாவது, 1937 ஆம் ஆண்டின் விலங்கின தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம். இதன்கீழ் 1938 ஆம் ஆண்டில் யால, வில்பத்து ஆகிய இரண்டும் நாட்டின் முதலாவது தேசிய பூங்காக்களாயின. இச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் வனசீவராசிகள் திணைக்களம் 1949 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. 

இச்சட்டத்தின்கீழ் வரும் நிலங்கள் யாவும் ஒரே வகையின அல்ல. கடும் இயற்கை ஒதுக்கினுள் ஆராய்ச்சி போன்ற தேவைகளுக்கன்றி எவரும் புகுதலாகாது. தேசிய பூங்காவினுள் அனுமதி பெற்றுச் சென்று விலங்குகளைப் பார்க்கலாம். சரணாலயம் என்பது வேறு வகை. அதன் எல்லைக்குள் மக்கள் வாழலாம். தனியார் காணியும் இருக்கலாம். ஆயினும் அங்குள்ள வனவிலங்குகளைக் கொல்லவோ, அரச காணியிலுள்ள மரஞ்செடிகளை அழிக்கவோ கூடாது. உங்கள் ஊருக்கருகேயுள்ள ஒதுக்கு எவ்வகையைச் சேர்ந்தது என்பதை அறிந்துவைத்தல் முதற்கடமையாகும். பல வழக்குகள் இதனை அறியாமையினாலேயே எழுகின்றன.

தமிழ் பேசும் மாவட்டங்களிலும் இத்தகைய இடங்கள் பல. 1938 ஆம் ஆண்டிலேயே சரணாலயமாக்கப்பட்ட சுண்டிக்குளம் 2015 ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாயிற்று. மடு வீதி, நெடுந்தீவு, ஆதாம் பாலம் ஆகியனவும் அவ்வாண்டிலேயே தேசிய பூங்காக்களாயின. மன்னாரின் வங்காலைச் சரணாலயம் 2010 ஆம் ஆண்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

காடு இல்லையேல் குளம் இல்லை

அம்பாறை மாவட்டத்துக் கமக்காரர்களுக்கு ஓர் உதாரணம் கண்முன்னே உள்ளது. சேனாநாயக்க சமுத்திரம் கட்டப்பட்டபொழுது அதன் நீரேந்து பகுதியைக் காப்பதற்காகவே 1954 ஆம் ஆண்டில் கல்லோயாத் தேசிய பூங்கா அமைக்கப்பட்டது. அப்பூங்காவின் யானையையும் மானையும் காக்கும் அதே சட்டம், கீழேயுள்ள வயல்களுக்குப் பாயும் நீரையும் காக்கின்றது. மகாவலித் திட்டத்தின்பொழுதும் இம்முறையே பின்பற்றப்பட்டது. மாதுறு ஓயா 1983 ஆம் ஆண்டிலும், வஸ்கமுவ 1984 ஆம் ஆண்டிலும், சோமாவதி 1986 ஆம் ஆண்டிலும் தேசிய பூங்காக்களாயின.

பெரிய நீர்த்தேக்கத்துக்குப் பொருந்துவது சிறு குளத்துக்கும் பொருந்தும். நம் முன்னோர் குளத்தைத் தனியே கட்டவில்லை. ஒரு குளத்தின் வான் நீரும் வயலின் கழிவு நீரும் அடுத்த குளத்தைச் சேருமாறு, தொடராக அமைத்தனர். குளத்துக்கு மேலே காட்டை விட்டுவைத்தனர். நீர் வந்து சேரும் ஓரத்தில் புற்றரையும் மரவரிசையும் நிற்கவிட்டனர். புல் வண்டலைத் தடுத்து நிறுத்தியது. மரம் காற்றைத் தடுத்து, நீர் ஆவியாவதைக் குறைத்தது. குளக்கட்டுக்கும் வயலுக்கும் இடையில் மருது, இலுப்பை முதலிய மரங்களை வைத்தனர். அவை கசிந்துவரும் உவர் வயலுக்குட் செல்லாது தடுத்தன. காட்டினுள்ளே விலங்குகள் நீரருந்துவதற்கெனச் சிறு குளங்களும் வைக்கப்பட்டிருந்தன. விலங்குக்கு மேலே நீர் கிடைத்தமையால், கீழேயுள்ள குளத்துக்கு அது வரவேண்டிய தேவை குறைந்தது. இக்குளத்தொடர் முறையின் சிறப்பை உணர்ந்து, ஐக்கிய நாடுகள் உணவு, விவசாய தாபனம் 2017 ஆம் ஆண்டில் இதனை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

இன்று பல ஊர்களில் நாம் காண்பது வேறு. குளத்தின் அலைகரை ஆண்டுக்கு ஆண்டு உட்புறமாக வெட்டப்பட்டு வயலாக்கப்படுகின்றது. மேலேயுள்ள நீரேந்து பகுதியில் காடு எரிக்கப்பட்டுச் சேனை செய்யப்படுகின்றது. முதல் மழைக்கே மேல்மண் கழுவுண்டு குளத்தை அடைகின்றது. இதனால் வரும் நட்டத்தை ஒரு கணக்கினாற் காட்டலாம்.

50 ஏக்கர் நீர்ப்பரப்புள்ள குளமொன்றின் அடியில் சராசரி ஓரடி வண்டல் படிந்தால், 50 ஏக்கர் அடி நீர் தங்குவதற்கு இடமில்லாமற் போகின்றது. ஓர் ஏக்கர் நெல்லை விதைப்பு முதல் விளைவு வரை பேண 4 ஏக்கர் அடி நீர் செலவாகும் எனக் கொண்டால், 12 ஏக்கருக்கு மேற்பட்ட வயலின் சிறுபோகத்தை அவ்வண்டல் விழுங்கிவிட்டது. மாரியில் அதே குளம் முன்னரை விட விரைவில் வான் பாய்ந்து, கீழ் வயல்களை வெள்ளத்தில் ஆழ்த்தவுங் கூடும். மேலே நாலைந்து ஏக்கர் சேனையிற் பெற்ற இலாபம், கீழே பன்னிரண்டு ஏக்கரில் இழக்கப்படுகின்றது. இலாபம் ஒருவருக்கு, நட்டம் ஊருக்கு.

எனவே குளத்தின் ஒதுக்கிடத்தைக் காப்பது உங்கள் கமக்காரர் அமைப்பின் கடமையாகும். 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் இதற்கு உங்களுக்குத் துணை நிற்கின்றது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்புத் திகதியையும் நீர் திறக்கும் நாளையும் மாத்திரம் தீர்மானித்து எழுந்து போகாது, அலைகரை எல்லையையும் ஆண்டுக்கொருமுறை நடந்து பார்த்துக் குறித்துவைத்தல் நன்று.

மலைநாட்டு மரக்கறிச் செய்கையாளருக்கு

1873 ஆம் ஆண்டில் தாவரவியலறிஞர் சேர் யோசப் ஊக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை வெட்டாது விட்டுவைக்கவேண்டுமென ஆலோசனை கூறினார். கோப்பி மலைகளை மூடிவந்த காலம் அது. அவ்வாலோசனையின் பயனாகத் தப்பிய காடுகளுள் ஹோட்டன் சமவெளியும் ஒன்று. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் தலைநீர் அளிப்பது அதுவே. 1960 ஆம் ஆண்டுகளில் அச்சமவெளியின் புற்றரைகளில் உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. பின்னர் அது கைவிடப்பட்டு, 1969 ஆம் ஆண்டில் அவ்விடம் இயற்கை ஒதுக்காகவும், 1988 ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. 2010 ஆம் ஆண்டில் மத்திய மலைநாட்டின் ஏனைய பகுதிகளோடு சேர்த்து உலக மரபுரிமையாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. சமவெளியில் உருளைக்கிழங்கை விட நீரே பெறுமதி மிக்க விளைவு என்பதை நாடு உணர்ந்தது.

லீக்ஸ், கரட், கோவா பயிரிடும் நீங்கள் கவனிக்கவேண்டியவை மூன்று. முதலாவது, ஓடைகளின் இருமருங்கும் உள்ள ஒதுக்கிடத்தைக் கொத்தாது புல்லும் மரமும் நிற்க விடுக. இரண்டாவது, சரிவான நிலத்தில் சமவுயரக் கோட்டு வழியே வடிகாலும் கற்கட்டும் அமைத்து மண்ணைக் காக்குக. 1951 ஆம் ஆண்டின் மண் காப்புச் சட்டம் இதற்காகவே இயற்றப்பட்டது. மூன்றாவது, பன்றிக்கெனக் கம்பிச் சுருக்கு வைப்பதை அறவே விடுக. சுருக்கு, பன்றியையும் சிறுத்தையையும் பிரித்தறிவதில்லை. 2020 ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் சுருக்கில் அகப்பட்ட அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சில நாட்களில் இறந்துபோயிற்று. மலைநாட்டில் மானையும் பன்றியையும் இரையாகக் கொள்ளும் பெருவிலங்கு சிறுத்தையே. சிறுத்தையை இழந்த தோட்டம் தன் காவலாளியை இழந்த தோட்டமாகும்.

வயலில் உழைக்கும் கூலி பெறாத் தொழிலாளர்

வனசீவராசி என்றவுடன் நாம் யானையையும் புலியையுமே நினைக்கின்றோம். உங்கள் வயலைச் சூழ்ந்துள்ள பற்றையிலும் மரத்திலும் வாழும் சிற்றுயிர்களும் அவ்வினத்தனவே. சாரைப்பாம்பும் ஆந்தையும் கூகையும் எலியைத் தின்கின்றன. கொக்கு, தவளை, தும்பி ஆகியன பூச்சிகளைத் தின்கின்றன. அறக்கொட்டியான் என்று நீங்கள் அழைக்கும் கபிலநிறத் தத்தியைப் பெருகவிடாது வைத்திருப்பது, நெற்பயிரில் வாழும் சிலந்திகளும் இரைகௌவும் நாவாய்ப்பூச்சிகளுமே. பயிர் இளமையாய் இருக்கும்பொழுதே தேவையின்றிக் கிருமிநாசினி விசிறினால் முதலில் மடிவன இவையே. பின்னர் வரும் தத்திக்கு எதிரி இல்லாமற் போகின்றது; மூன்று வாரத்தில் வயல் எரிந்தாற்போலக் கருகுகின்றது.

ஆதலால் விதைத்து முதல் 40 நாள் வரை, கடுஞ்சேதம் கண்டாலன்றிப் பூச்சிகொல்லி விசிறற்க. பறவைகள் வந்தமர, குறுக்குத்தடி பொருத்திய கம்புகளை வயலில் நாட்டுக. கதிர் பால்கட்டும் பருவத்தில் அவற்றைப் பிடுங்கிவிடுக. பாகல், பூசணி, வெள்ளரி ஆகியவற்றின் பூக்களில் மகரந்தம் சேர்ப்பன தேனீக்கள். அவை காலை வேளையில் பூவை நாடுவன; எனவே மருந்து தெளிக்க நேர்ந்தால் மாலையிலேயே தெளிக்க. வேலியோரப் பற்றையையும் பழைய இலுப்பை மரத்தையும் வெறும் இடஞ்சலாகக் கருதி அழித்துவிடலாகாது.

யானை ஏன் வயலுக்கு வருகின்றது?

2011 ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள் இருப்பதாகக் காணப்பட்டது. 2019 ஆம் ஆண்டில் மாத்திரம் 400 க்கு மேற்பட்ட யானைகளும், 120 வரையான மனிதரும் ஒருவரையொருவர் எதிர்கொண்ட பிணக்கினால் உயிரிழந்தனர். இறந்த மனிதருட் பலர் உங்களைப் போன்ற கமக்காரரே. விலங்கைக் காத்தல் எனும் விடயத்தில் இவ்வுயிர்களை மறந்துவிடுதல் நியாயமன்று.

நாட்டின் நிலப்பரப்பில் நூற்றுக்கு 60 பங்களவில் யானை நடமாடுகின்றது. அந்நிலப்பரப்பின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டதில் மனிதரும் வாழ்கின்றனர். எனவே யானைகள் யாவற்றையும் பூங்காவினுள் அடைத்துவிடலாம் என்பது நடைமுறைக்கு ஒவ்வாது. வளர்ந்த யானை நாளொன்றுக்கு ஏறக்குறைய 150 கிலோகிராம் உணவு உண்ணும். ஒரு பூங்கா தாங்கக்கூடிய யானைகளுக்கும் ஓர் அளவுண்டு. அவ்வளவுக்கு மேற்பட்டவற்றைத் துரத்திச் சென்று உள்ளே அடைத்தால், அவை அங்கே பட்டினியால் மெலிந்து இறக்கின்றன. குட்டிகளே முதலில் இறக்கின்றன.

இன்னுமொன்று கவனிக்கற்பாலது. ஒவ்வொரு யானைக் கூட்டமும் தனக்கெனத் திரிந்து பழகிய ஒரு பரப்பை உடையது; அதைவிட்டு எளிதில் அகலாது. வெடி கொளுத்தித் துரத்தும்பொழுது முன்னே ஓடுவன பெண் யானைகளும் குட்டிகளுமே. வயலைப் பெரிதும் சேதப்படுத்தும் தனியன்களோ பின்தங்கி நின்றுவிடுகின்றன. அன்றியும், துரத்தப்பட்ட அனுபவத்தினால் அவை மனிதனுக்கு அஞ்சுவதை விடுத்து எதிர்க்கக் கற்றுக்கொள்கின்றன. பல ஆண்டுகளாகத் துரத்தியும் சேதம் குறையாமைக்கு இதுவே காரணம்.

வேலி எங்கே அமையவேண்டும்?

நீண்ட காலமாக மின்வேலிகள் வனசீவராசிகள் திணைக்களத்துக்குரிய காணியின் எல்லையிலேயே அமைக்கப்பட்டன. அவற்றுட் பல, ஒருபுறம் பூங்காவும் மறுபுறம் ஒதுக்குக் காடுமாக, இருபுறமும் யானை நிற்கும் இடங்களில் அமைந்துவிட்டன. காட்டின் நடுவேயுள்ள அவ்வேலியை நாள்தோறும் பார்ப்பார் இல்லை. கொடி படர்ந்து மின் இறங்கிவிட, யானை கட்டையைச் சாய்த்துக் கடந்து செல்லும்.

யானையைச் சுற்றி வேலியிடுவதை விட, ஊரையும் வயலையும் சுற்றி வேலியிடுவதே மேல் என்பது இன்று தெளிவாகியுள்ளது. சனாதிபதி நியமித்த குழு 2020 ஆம் ஆண்டில் தயாரித்த மனித-யானை மோதல் தணிப்புத் தேசிய செயற்றிட்டம், கிராமச் சுற்றுவேலியையும் பருவகால வயல் வேலியையும் முதன்மைப்படுத்தியது. வடமேல் மாகாணக் கிராமங்களில் இம்முறை கைக்கொள்ளப்பட்டு நற்பயன் கண்டது.

கிராமச் சுற்றுவேலி ஆண்டு முழுவதும் நிற்பது. வீடுகளையும் வீட்டுத் தோட்டங்களையும் காப்பது. பருவகால வயல் வேலி விதைப்போடு எழுந்து, அறுவடையோடு கழற்றப்படுவது. அறுவடைக்குப் பின் யானைகள் வயலுள் வந்து எஞ்சிய தாளையும் புல்லையும் மேய்ந்து செல்லலாம். அதனால் உங்களுக்கு நட்டமில்லை; யானைக்கோ, காட்டில் உணவு அருகிய வரட்சிக் காலத்தில் இரை கிடைக்கின்றது. ஒரே நிலம் ஒரு பருவத்தில் உமக்கும் மறுபருவத்தில் அதற்கும் பயன்படுகின்றது.

வேலி அமைப்போர் பின்வருவனவற்றைக் கைக்கொள்க:

1. வனசீவராசிகள் திணைக்களத்தின் ஆலோசனைப்படி, அதற்கென உள்ள மின்தூண்டற் கருவியையே பயன்படுத்துக. அது மின்கலத்தின் துணையால் வினாடிக்கு ஒருமுறையளவில் உயர் அழுத்த மின்னைக் கணப்பொழுது மாத்திரம் செலுத்தும். அதனைத் தொடும் யானை நோவுற்று விலகுமேயன்றி இறவாது.

2. வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் நேரே இணைப்பது பெருங்குற்றம். அது யானையையும் மாட்டையும் மாத்திரமன்றி, அதிகாலையில் வாய்க்கால் பார்க்கச் செல்லும் உங்கள் மகனையும் கொல்லும்.

3. வேலியின் அடியில் ஓரடி அகலத்துக்கேனும் புல் பூண்டின்றித் துப்புரவாக வைத்திருக்க. பச்சைக்கொடி பட்டால் மின் நிலத்துக்கு இறங்கும்.

4. வேலியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குக. மாலை ஐந்து மணிக்கு முன் நாள்தோறும் நடந்து பார்த்து, மின்னளவைக் குறித்துவைக்க.

5. யானைப் பாதைக்குக் குறுக்கே ஒரு வயலை மாத்திரம் தனித்து வேலியிடாது, ஒரே வாய்க்காலின்கீழ் உள்ள வயல்கள் அனைத்தையும் ஒரே காலத்தில் விதைத்து ஒரே வேலிக்குள் அடக்குக. முந்தி விதைத்த வயலும் பிந்தி விதைத்த வயலுமே யானையை நீண்ட நாள் ஊரில் நிறுத்திவைப்பன.

நான் கடமையாற்றிய ஊரொன்றில் வேலி இருமுறை பழுதாயிற்று. கருவி நன்றாகவே இருந்தது. வேலியின் ஒரு பகுதி எவருடையது என்ற பிணக்கினால், இரு வாரமாக ஒருவரும் அங்கே புல் செதுக்கவில்லை. மூன்றாம் முறை, ஒவ்வொரு கட்டையிலும் பொறுப்பாளரின் இலக்கத்தை எழுதினர். அப்போகம் அப்பகுதியால் யானை புகவில்லை. வேலியைக் காப்பது கம்பியைவிட ஒற்றுமையே என்பதை அன்று கண்டேன்.

குரங்கு, மயில், பன்றி

யானை இல்லாத ஊர்களில் இவையே பெருந்தொல்லை. பயிரழிக்கும் விலங்குகளின் தொகையை மதிப்பிடுவதற்காக 2025 மார்ச் 15 ஆந் திகதி காலை 8 மணி முதல் ஐந்து நிமிடத்துக்கு நாடளாவிய கணக்கெடுப்பு நடத்தப்பட்டது. குரங்கு, மந்தி, மயில், மர அணில் ஆகியன அவரவர் காணியில் எண்ணப்பட்டன. ஒரு தொல்லையைத் தீர்க்குமுன் அதன் அளவை அறிதல் முறையே.

மயில் இன்று முன்னரில்லாத இடங்களிலும் பெருகிவிட்டது. காடு வெட்டப்பட்டு வெளியானமையும், அதன் முட்டையையும் குஞ்சையும் தின்னும் நரி அருகியமையும் இதற்குக் காரணங்களென அறிஞர் கருதுகின்றனர். ஓர் உயிரை ஒழித்தால் மற்றோர் உயிர் தொல்லையாக எழுகின்றது என்பதற்கு இதுவே சான்று. நாற்றுமேடைக்கும் மரக்கறிப் பாத்திக்கும் வலை விரிக்க. வீதியோரக் குரங்குக்கு உணவு கொடுப்பதை நிறுத்துக. தோட்டத்தின் ஓரத்தில் எலுமிச்சை, தோடை, மிளகாய் போன்று விலங்குகள் பெரும்பாலும் விரும்பாதவற்றை நடுக. வனசீவராசிகள் உத்தியோகத்தரை உசாவாது எவ்விலங்கையும் கொல்ல முற்படுதல் ஆகாது.

செய்யத்தகாதவை

வாய்வெடி, கட்டுத்துவக்கு, நஞ்சு, கம்பிச் சுருக்கு ஆகியவற்றை எவ்விடத்தும் வைத்தலாகாது. பன்றிக்கெனப் பழத்தினுள் மறைத்து வைக்கும் வெடியை யானைக்குட்டி கடிக்கின்றது. வாய் சிதைந்து, உண்ண முடியாது பல நாள் துன்புற்று இறக்கின்றது. காயப்பட்டுத் தப்பிய பெரிய யானையோ, கண்ட மனிதரையெல்லாம் தாக்குகின்றது.

நெல்லைப் படுக்கையறையில் மூடையாக அடுக்காதீர்கள். யானை அதன் மணத்தை நாடியே சுவரை உடைக்கின்றது. கூடுமானவரை வீட்டுக்கு அப்பாலுள்ள பொதுக் களஞ்சியத்திற் சேர்த்து வைக்க.

குப்பையைக் காட்டோரத்தில் கொட்டாதீர்கள். அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாத்திக்கைத் தின்று, எட்டு ஆண்டுகளில் 20 வரையான யானைகள் இறந்தன என 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. குப்பைக்கு வந்து பழகிய யானை, அடுத்துள்ள வயலையும் விடாது.

காணி எல்லை பற்றிய பிணக்குகள்

போரினால் இடம்பெயர்ந்து பல்லாண்டின் பின் மீண்ட கமக்காரர் பலர், தம் பழைய வயல் காடாக வளர்ந்து, ஒதுக்கு எல்லைக் கற்களுக்குள் அடங்கியிருக்கக் கண்டனர். இஃது உண்மையான குறை. ஒதுக்கைக் காப்பது அரசின் கடமையாவது போலவே, உரியவரின் உரிமையை விசாரித்துத் தீர்ப்பதும் அரசின் கடமையே.

ஆனால் கத்தியோடு சென்று காட்டை வெட்டுவதனால் அவ்வுரிமை நிலைபெறாது, வழக்கே வரும். உங்கள் உறுதி, காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின்கீழ் பெற்ற அனுமதிப்பத்திரம், கமநல சேவை நிலையத்தின் நெற்காணிப் பதிவேட்டில் உங்கள் பெயருள்ள பக்கத்தின் பிரதி, பழைய வரிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றைத் திரட்டுக. பழைய வரம்பு, துருசு, கிணறு முதலிய அடையாளங்கள் நிலத்தில் எஞ்சியிருப்பின் அவற்றையும் குறிப்பிட்டு, பிரதேச செயலாளருக்கு எழுத்தில் விண்ணப்பிக்க, பிரதியொன்றை வைத்துக்கொள்க. தனித்தனியே செல்லாது, ஒரே குளத்தின்கீழ் உள்ளவர்கள் கமக்காரர் அமைப்பின் மூலம் சேர்ந்து விண்ணப்பிப்பது பலன் தரும். உரிமையுள்ளவர் விண்ணப்பிக்கும் வேளையில் உரிமையற்றவர் புதிதாகக் காடு வெட்டுவாராயின், அதனாற் கெடுவது உரியவரின் விண்ணப்பமே என்பதை ஊரார் உணர்தல் வேண்டும்.

யானையினாற் பயிர் சேதமடைந்தால், சேதத்தை அப்படியே விட்டு, அன்றே கிராம உத்தியோகத்தருக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் அறிவிக்க. கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபையின் காப்புறுதியில் காட்டு யானையின் சேதமும் அடங்கும். எப்பயிர்களுக்கு, எவ்வளவு தொகை என்பன போகத்துக்குப் போகம் மாறக்கூடுமாதலால், விதைக்குமுன் நிலையத்தில் விசாரித்துப் பதிந்துகொள்க. உயிரிழப்பு, காயம், வீட்டுச் சேதம் ஆகியவற்றுக்கு வனசீவராசிகள் திணைக்களத்திடம் இழப்பீடு கோரலாம்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

— ஒதுக்குக் காடு உங்கள் குளத்தின் தாய். அதனை வெட்டுபவர் உங்கள் சிறுபோகத்தை வெட்டுகின்றார்.

— அலைகரை எல்லையை ஆண்டுக்கொருமுறை ஊராகச் சேர்ந்து நடந்து பாருங்கள்.

— வேலியைக் காட்டின் நடுவே அல்ல, ஊரையும் வயலையும் சுற்றி அமையுங்கள், நாள்தோறும் பேணுங்கள்.

— ஒரே காலத்தில் விதைத்து ஒரே காலத்தில் அறுவடை செய்யுங்கள்.

— வெடி, சுருக்கு, நஞ்சு, வீட்டு மின்சாரம் ஆகியவற்றைக் கையாளாதீர்கள்.

— எல்லைப் பிணக்கை ஆவணங் கொண்டு தீர்க்க முயலுங்கள்.

சட்டம் எழுதப்படுவது கொழும்பில். அது காக்கப்படுவதோ உங்கள் குளக்கட்டிலும் வயல் வரம்பிலும். வரும் போகத்துக்கான பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இப்பிரசுரத்தை ஒருவர் வாசிக்க, மற்றையோர் கேட்டு, வேலிக்கும் அலைகரைக்கும் பொறுப்பாளரை அன்றே தெரிவு செய்வீர்களாக. மேலதிக விளக்கம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகலாம். கூட்டத்துக்கு அழைத்தால் நாங்கள் வருவோம். வேலியோரம் உங்களோடு நடந்தும் பார்ப்போம்.